ஒருக்கா வந்தால் திரும்ப வராதா?

மார்கழி மழை ஓய்ந்து தை பிறக்கும்போது திருகோணமலைக்குக் காய்ச்சல் காலம் தொடங்கும். கொழும்புப் பக்கத்தில் சோளகம் வீசும் ஆனி, ஆடியில் டெங்கு உச்சத்துக்குப் போகும். எங்களுக்கு வாடை மழைதான் கணக்கு. உவர்மலையில் இருந்து பாலையூற்று வரை, அப்படியே பாலம் தாண்டிக் கிண்ணியா வரை, மழை விட்ட கையோடு சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும் பழைய டயரிலும் தண்ணீர் நிற்கும். நுளம்புக்கு அது தாராளம். அடுத்த கிழமைகளில் நான் வேலை செய்கிற லாப்பில் விடிய முதலே ஆட்கள் வந்து குந்திவிடுவார்கள்.

இரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எல்லோரும் கேட்பது "பிளேட்லெட் எத்தனை மிஸ்?" என்பதைத்தான். குருதிச் சிறுதட்டுக்கு இந்த மாதங்களில் இருக்கிற மவுசு தங்கத்துக்குக்கூட இல்லை. அதற்கு அடுத்தபடியாக ஒரு நம்பிக்கை வரும்: "இவனுக்கு முந்தி ஒருமுறை டெங்கு வந்தது. ஒருக்கா வந்தால் திரும்ப வராதுதானே?" அதற்கும் அடுத்தபடியாக, ரிப்போட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "எதிர்ப்புச் சக்தி குறைவு போல. கூட்டுறதுக்கு என்ன குடுக்கலாம்?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. மருந்துக்கடைக் கண்ணாடி முழுக்க மாவும் பாணியும் குளிசையும். 2020 மார்கழியில் கேகாலையில் கொரோனாவுக்கென்று ஒருவர் காய்ச்சிய பாணிக்காக ஆயிரக்கணக்கான சனம் முண்டியடித்து நின்றதை நாடே பார்த்தது. கொத்தமல்லி அவித்துக் குடிப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை, தொண்டைக்கு இதம். ஒழுங்கான சாப்பாடும் நித்திரையும் இல்லாத உடம்பு நோயைத் தாங்காது என்பதும் உண்மை. ஆனால் எதிர்ப்பு என்பதை ஏதோ கூட்டிக் குறைக்கிற பலம் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. வந்திருப்பது யார் என்று உடம்புக்குத் தெரியுமா, எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதே பெரும்பாலும் விஷயம். சின்னமுத்து (மீசில்ஸ்) ஒருமுறை வந்தால் திரும்ப வராததும், டெங்கு இரண்டாம் முறை வரும்போது சிலரைப் படுக்கையில் தள்ளுவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

எங்கள் லாப்பில் இரத்தத்தை எண்ணுவது இயந்திரம். இருந்தாலும் சந்தேகமான இரத்தம் என்றால் ஒரு படலம் போட்டு நானே பார்ப்பேன். கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் சின்னத் துளி. இன்னொரு தகட்டைச் சரித்துப் பிடித்துத் துளியைத் தொட்டு, அது விளிம்பு நீளத்துக்குப் பரவியதும் ஒரே தள்ளு. கை தயங்கினால் படலம் வரிவரியாகப் போய்விடும். காய்ந்ததும் லீஷ்மன் சாயம் ஊற்றி, கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நுணுக்குக்காட்டியின் நூறு மடங்கு வில்லையை இறக்க வேண்டும். படலம் மெலிந்து முடிகிற இடத்தில்தான் குழியங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாகக் கிடக்கும்.

சாதாரண நாளில், வெண்குழியத்தில் ஒரு வகையான நிணநீர்க்குழியத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. செங்குழியத்தை விடக் கொஞ்சம் பெரிசு. உள்ளே இருண்ட ஊதாவில் உருண்டைக் கரு. அதைச் சுற்றி இருக்கோ இல்லையோ என்று ஒரு நீலக் கோடு. இப்படிச் சும்மா கிடக்கிறதா என்று தோன்றும். டெங்குக் காய்ச்சல் நாலைந்து நாள் ஆனவரின் படலத்தில் அதே குழியம் வேறு ஆளாக நிற்கும். இரண்டு மடங்கு பருத்து, கருவைச் சுற்றி நிறைய நீலம் வைத்து, பக்கத்துச் செங்குழியங்களுக்கு இடையில் புகுந்து அவற்றின் வளைவுக்கு ஏற்ப விளிம்பு நெளிந்திருக்கும். விளிம்பில் நீலம் இன்னும் கடுமை. புரதம் செய்வதற்கான ஆர்.என்.ஏ. குவிந்த இடங்களைத்தான் அந்தச் சாயம் நீலமாகக் காட்டும். ஆகவே இது சும்மா கிடந்த குழியம் இல்லை, தனக்குரியதைக் கண்டுகொண்டு வேலையில் இறங்கிய குழியம். ரிப்போட்டில் "தூண்டப்பட்ட நிணநீர்க்குழியங்கள் காணப்படுகின்றன" என்று ஒரு வரி போடுவோம். யாரும் அதை வாசிப்பதில்லை, எல்லோர் கண்ணும் நேரே பிளேட்லெட் இலக்கத்துக்குப் போகும். எனக்கு அந்த ஒரு வரிதான் முழு ரிப்போட்டிலும் சுவாரசியமானது.

தோல், சளி, வயிற்று அமிலம், கண்டதையெல்லாம் விழுங்கும் பெருவிழுங்கிகள் என்று வேறு காவலும் உண்டு. யார் வந்தாலும் அவற்றின் நடவடிக்கை ஏறத்தாழ ஒரே மாதிரித்தான். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது ஆளைப் பார்த்து, ஆளுக்குத் தக்கபடி நடக்கும் எதிர்ப்பைப் பற்றி. பாடப்புத்தகம் இதைத் தனித்துவ நிர்ப்பீடனம் என்கிற மாதிரிப் பெரிய பெயரால் அழைக்கும்.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 2 இலட்சம் கோடி நிணநீர்க்குழியங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் ஆயிரக்கணக்கில் வாங்கிகள். ஆனால் ஒரு குழியத்தில் இருப்பவை எல்லாம் ஒரே வடிவம். பக்கத்துக் குழியத்துக்கு வேறு வடிவம். நுண்ணுயிரின் உடம்பில் உள்ள ஒரு சின்ன மேடோ பள்ளமோ எந்த வாங்கியில் போய்ப் பொருந்துகிறதோ, அந்தக் குழியம் மட்டும் விழிக்கும். மற்றவை தம் பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும்.

சரி, இத்தனை வடிவங்கள் எங்கிருந்து வந்தன? மனிதனுக்கு இருப்பதே சுமார் 20,000 மரபணுக்கள். வாங்கி ஒன்றுக்கு ஒரு மரபணு என்றால் கணக்கு இடித்துக்கொள்ளும். விடையைக் கண்டவர் சுசுமு டொனேகாவா. ஜப்பானியர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வேலை செய்தவர். 1976இல் எலியின் முளையத்தில் இருந்து எடுத்த டி.என்.ஏ.யையும், பிறபொருளெதிரி (அன்டிபொடி) சுரக்கும் குழியத்தின் டி.என்.ஏ.யையும் ஒப்பிட்டுப் பார்த்தார். குழியம் வெளியே கொட்டும் வாங்கிதான் பிறபொருளெதிரி. முளையத்தில் தள்ளித்தள்ளிக் கிடந்த துண்டுகள் மற்றதில் வெட்டப்பட்டு ஒன்றாக ஒட்டப்பட்டிருந்தன. அதுவரை உடம்பின் எல்லாக் கலத்திலும் டி.என்.ஏ. ஒன்றேதான் என்று நம்பியிருந்த காலம். 1987இல் நோபல் பரிசு அவருக்கு மட்டும் தனியாகப் போனது.

பிறபொருளெதிரியின் பெரிய சங்கிலிக்கு மூன்று வகைத் துண்டுகள்: ஒரு வகையில் சுமார் 40, அடுத்ததில் 23, மற்றதில் 6. ஒவ்வொரு குழியமும் வகைக்கு ஒன்றை எழுந்தமானமாக எடுத்து ஒட்டுகிறது. அதிலேயே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகள். சின்னச் சங்கிலிக்கும் இப்படியே. இரண்டும் சேரும்போது பத்து இலட்சத்தைத் தாண்டும். போதாததற்கு, ஒட்டுகிற மூட்டுகளில் டி.என்.ஏ. எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் ஒரு விளையாட்டு. அப்புறம் எண்ணிக்கைக்கு எல்லை சொல்வது கஷ்டம்.

இதில் என்னைத் திரும்பத் திரும்ப யோசிக்க வைப்பது வேறொன்று. இந்தக் குலுக்கல் நடக்கும்போது நோய் எதுவும் வந்திருப்பதில்லை. எந்தக் கிருமிக்காகவும் வாங்கி அளவெடுத்துத் தைக்கப்படுவதில்லை. கண்மூடித்தனமாகக் கோடிக்கணக்கில் செய்துவைத்து, வருவது எதில் பொருந்துகிறதோ அதைப் பெருக்குவதுதான் உடம்பின் முறை. அவுஸ்திரேலியரான மக்ஃபர்லேன் பேர்னெட் 1957இல் இதை ஒரு கோட்பாடாக எழுதியபோது கையில் நேரடிச் சான்று குறைவு. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அப்படியானால் இன்னும் உலகத்தில் தோன்றவே தோன்றாத ஒரு வைரசைப் பிடிக்கக்கூடிய குழியம் இப்போது உங்கள் கழுத்துக்குள் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கலாம்.

எழுந்தமானம் என்றால் ஆபத்தும் கூடவே வரும். நம்முடைய ஈரலிலோ மூட்டிலோ பொருந்துகிற வாங்கியும் அதே குலுக்கலில் விழும். அதற்கு என்ன வழி?

இங்கே நிணநீர்க்குழியங்களில் ஒரு வகையான டி குழியங்களின் கதையைச் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சோதனைச் சாவடியை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். சட்டைப் பையில் அடையாள அட்டை இல்லாமல் மார்க்கெட்டுக்குக்கூடப் போக மாட்டோம். உடம்பிலும் ஏறத்தாழ ஒவ்வொரு கலமும் தனக்குள் நடப்பதன் சான்றை வெளியில் நீட்டியபடியே இருக்க வேண்டும். உள்ளே செய்யப்படும் புரதங்களைத் துண்டாக்கி, அந்தத் துண்டை ஒரு தாங்கியில் வைத்து மேற்பரப்பில் காட்டும். டி குழியம் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துப் போகும். துண்டு நம்முடையது என்றால் "போ". கலத்துக்குள் வைரஸ் புகுந்திருந்தால் காட்டுகிற துண்டுகளில் அதனுடையதும் இருக்கும்; அந்தக் கலத்தை அங்கேயே முடித்துவிடும். அட்டையும் சரியாக இருக்க வேண்டும், அதில் இருக்கிற படமும் பார்க்கப்படும். தாங்கியும் துண்டும் இரண்டும் சேர்ந்துதான் டி குழியத்துக்குத் தெரியும் என்பதை ரொல்ஃப் சிங்கர்னாகலும் பீட்டர் டொஹேர்ட்டியும் 1974இல் கன்பராவில் கண்டுபிடித்தார்கள்.

எங்கள் சாவடிகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். தன் சொந்த ஆட்களையே பிடித்து உள்ளே போடக்கூடிய டி குழியம் கடமைக்கு அனுப்பப்படுவதில்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. 1961இல் ஜாக் மில்லர் அதன் வேலையைக் காட்டும்வரை அதை ஒன்றுக்கும் உதவாத மிச்சசொச்சம் என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். இளம் டி குழியங்கள் அங்கேதான் பரீட்சை எழுதுகின்றன. உடம்பின் சொந்தத் துண்டுகளை அவற்றுக்குக் காட்டிப் பார்ப்பார்கள். அவற்றை இறுகப் பற்றிக்கொள்கிறவை அங்கேயே சாகும். ஒன்றையுமே பற்றத் தெரியாதவையும் சாகும். நூற்றுக்கு ஐந்துகூட வெளியே வருவதில்லை. தப்பித்தவறி வெளியே வந்துவிட்ட தவறான குழியங்களை அடக்கி வைக்க வேறொரு வகை டி குழியங்கள் உண்டு. அவற்றைப் பற்றிய வேலைக்காகத்தான் 2025இல் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். இவ்வளவு வடிகட்டியும் தவறுவதுண்டு. முடக்குவாதம், பிள்ளைகளுக்கு வரும் முதலாம் வகை நீரிழிவு எல்லாம் அந்தத் தவறுகளே.

இனி நாட்கணக்கு. லாப்பில் நான் அதிகம் வாக்குவாதப்படுவது இதில்தான். காய்ச்சல் வந்த மறுநாளே வந்து "டெங்கு அன்டிபொடி பாருங்கோ" என்பார்கள். பார்க்கலாம், காசும் வாங்கலாம், ஒன்றும் தெரியாது. முதல் இரண்டு மூன்று நாளில் வைரசின் சொந்தப் புரதமான என்.எஸ்.1 தான் இரத்தத்தில் அகப்படும். ஐ.ஜி.எம். என்ற பிறபொருளெதிரி நாலாம் ஐந்தாம் நாளில் தலைகாட்டும். அதற்குமுன் "நெகட்டிவ்" என்று வந்தால் டெங்கு இல்லை என்று அர்த்தம் இல்லை, உடம்பு இன்னும் செய்து முடிக்கவில்லை என்று அர்த்தம்.

ஏன் இந்தத் தாமதம்? ஒரு குறிப்பிட்ட துண்டுக்குப் பொருந்துகிற டி குழியம் இலட்சத்தில் ஒன்றோ பத்து இலட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். நுளம்பு கடித்த இடத்திலேயே அது தற்செயலாக நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் தோலில் இருக்கிற கிளைக் கலங்கள் வைரசின் துண்டுகளை எடுத்துக்கொண்டு அருகில் உள்ள நிணநீர்க்கணுவுக்குப் போகின்றன. இந்தக் கலங்களை ரால்ஃப் ஸ்டைன்மன் 1973இல் இனங்கண்டார். 2011இல் அவருக்கு நோபல் என்று அறிவித்தபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது, பரிசுக் குழுவுக்கே அது தெரியாது. பரிசை மாற்றவில்லை, நல்லது.

கணுவில் கூட்டம் கூடும். பொருத்தமான டி குழியம் கடந்துபோகும்போது பற்றிக்கொள்ளும், பிறகு பிரிய ஆரம்பிக்கும்: ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நாளுக்கு இரண்டு மூன்று தரம். தொண்டை நோவோடு கழுத்தில் நெறி கட்டுகிறதே, அது இந்தப் பெருக்கத்தின் வீக்கம். அதைத் தேய்த்துக் கரைக்கப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். நிணநீர்க்குழியங்களில் இன்னொரு வகையான பி குழியங்கள் டி குழியங்களின் உதவியோடு அதே கணுவில் பெருகி, பிறபொருளெதிரிச் சுரப்பிகளாக மாறும். அப்படி மாறிய ஒரு குழியம் செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் பிறபொருளெதிரியைக் கொட்டும். முதலில் வருவது ஐ.ஜி.எம்., அவ்வளவு கூர்மை இல்லாதது. இதற்கிடையில் பி குழியங்கள் தங்கள் வாங்கி மரபணுவை வேண்டுமென்றே பிழை பிழையாகப் பிரதி எடுத்துப் பார்க்கும். பெரும்பாலான பிழைகள் கெடுதல். எப்போதாவது ஒன்று முன்னதை விட இறுகப் பொருந்தும். அது மிஞ்சும், மற்றவை சாகும். சில கிழமைகளில் ஐ.ஜி.ஜி. என்ற அடுத்த வகைப் பிறபொருளெதிரி வரும்போது அது நன்றாகத் தீட்டப்பட்டிருக்கும்.

வேலை முடிந்ததும் பெருகிய குழியங்களில் பெரும்பகுதி செத்துப்போகும். கொஞ்சம் மட்டும் தங்கும், சில எலும்பு மச்சையில், சில நிணநீரில். அந்தக் கொஞ்சம்தான் நினைவு.

இந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று வடக்கு அத்திலாந்திக்கில் உள்ள பரோ தீவுகள். 1846இல் அங்கே சின்னமுத்து வந்தது. டென்மார்க்கில் இருந்து போன பீட்டர் பானும் என்ற இளம் வைத்தியர் ஊர் ஊராகத் திரிந்து விசாரித்தார். சுமார் 7,800 பேரில் 6,000 பேர் அளவில் படுத்துவிட்டார்கள். ஆனால் கிழடுகட்டைகளில் ஒரு சாரார் அசையவே இல்லை. அவர்கள் 1781இல் வந்த முந்திய சின்னமுத்தில் அகப்பட்டவர்கள். இடையில் 65 வருடம் அந்த நோய் தீவை எட்டிப் பார்க்கவில்லை. இடையில் ஞாபகமூட்டல் என்று ஒன்றும் இல்லாமலே உடம்பு மறக்கவில்லை. 1918 பெரும் காய்ச்சலில் பிழைத்தவர்களை 90 வருடம் கழித்துப் பரிசோதித்தபோது, நூறை நெருங்கிய அந்தக் கிழவர்களின் இரத்தத்தில் அதே வைரசைப் பிடிக்கிற பி குழியங்கள் கிடைத்தன என்று 2008இல் ஓர் ஆய்வு வந்தது.

எங்கள் அம்மம்மா தலைமுறைக்கு இது படிக்காமலே தெரியும். வீட்டில் அம்மாள் வருத்தம் வந்தால், வாசலில் வேப்பிலை செருகி, ஏற்கெனவே அம்மாள் வந்து போனவர்தான் பக்கத்தில் இருந்து பார்ப்பார். தண்ணி வார்க்கும்வரை மற்றவர்களுக்கு அந்த அறைப் பக்கம் அலுவல் இல்லை. பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்தது வேறு கணக்கு. பராமரிக்கிற ஆளைத் தெரிந்தெடுத்ததில் நிர்ப்பீடனம் இருந்தது.

தாயின் ஐ.ஜி.ஜி. நச்சுக்கொடி வழியே பிள்ளைக்கும் போகும். அது இரவல், பிள்ளையின் குழியங்களுக்கு அதைச் செய்யத் தெரியாது, மாதக்கணக்கில் கரைந்துவிடும். அது இருக்கும்வரை சின்னமுத்துத் தடுப்பூசி போட்டால் ஊசியில் உள்ள வைரசையே அது பிடித்துவிடும். எங்கள் நாட்டுக் கிளினிக்கில் எம்.எம்.ஆர். முதல் ஊசியை ஒன்பது மாதம்வரை தள்ளிப் போடுவது அதனால்தான். மிட்வைஃப் மிஸ் சும்மா நாள் குறிப்பதில்லை.

சின்னமுத்து வைரஸ் இன்னொரு வகையில் பொல்லாதது. அது தாக்குவதே நினைவுக் குழியங்களைத்தான். தடுப்பூசி போடாத நெதர்லாந்துப் பிள்ளைகளில், சின்னமுத்து வந்து போன பிறகு முன்பு சேர்த்து வைத்திருந்த பிறபொருளெதிரி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்ததாக 2019இல் கண்டார்கள். "வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், இயற்கையாகவே எதிர்ப்பு வரும்" என்று சொல்லும் ஆட்களுக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும்.

இவ்வளவும் "ஒருக்கா வந்தால் திரும்ப வராது" என்பதற்கு வக்காலத்து. டெங்கு வந்துதான் இந்த வழக்கைக் கெடுக்கிறது.

கிண்ணியாவில் இருந்து ஒரு உம்மா பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெடியனுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயசிருக்கும், கண்ணெல்லாம் சிவந்து, கதிரையில் சரிந்து கிடந்தான். என்.எஸ்.1 பொசிட்டிவ். மூன்றாம் நாளே ஐ.ஜி.ஜி. கோடும் பளிச்சென்று விழுந்தது. முதல் தடவை என்றால் ஐ.ஜி.ஜி. அவ்வளவு கெதியில் வராது. பழைய நினைவு தட்டி எழுப்பப்பட்டதன் அடையாளம் அது.

"மகள், இவனுக்குக் கொரோனாவுக்கு முந்தியே ஒருக்கா வந்த. பிறகும் எப்படி வரும்? ஒருக்கா வந்தா உடம்புக்குப் பழகிப் போகுமெண்டுதானே எல்லாரும் சொல்ற?"

"டெங்குவில நாலு வகை இருக்கு உம்மா. முந்தி வந்தது ஒண்டு, இது வேற ஒண்டு" என்று சொன்னேன். அவ்வளவுதான் அந்த நேரத்தில் சொல்லலாம். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான்கு வகை வைரசுகளும் ஒன்றுக்கொன்று மரபணுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒத்தவை. முதல் வகைக்கு எதிராகச் செய்த பிறபொருளெதிரி முதல் வகையை ஆயுள் முழுக்கத் தடுக்கும். சில மாதங்களுக்கு மற்ற வகைகளையும் தடுக்கும். பிறகு அதன் அளவு இறங்கும். இறங்கியபின் இரண்டாம் வகை வந்தால், பழைய பிறபொருளெதிரி போய் ஒட்டும், ஆனால் முடக்கும் அளவுக்கு ஒட்டாது. பிறபொருளெதிரிக்குக் கவட்டை வடிவம்: இரண்டு கைகள் வைரசைப் பிடிக்கும், அடிக்காம்பை வெண்குழியம் பிடிக்கும். பிடித்து, வைரசோடு சேர்த்து விழுங்கிச் செரித்துவிடும். மற்ற நோய்களில் நன்மையான ஏற்பாடு. டெங்கு வைரஸ் பெருகுவதோ அதே விழுங்கும் வெண்குழியங்களுக்குள்தான். முடங்காத வைரசைக் காம்பில் பிடித்து உள்ளே இழுத்தால், கதவைத் திறந்து விட்ட வேலைதான்.

இந்தச் சந்தேகத்தை முதலில் கிளப்பியவர் ஸ்கொட் ஹால்ஸ்டெட். 1960களில் பாங்கொக்கில், கடும் டெங்குவில் விழும் பிள்ளைகள் இரண்டு கூட்டம் என்று கவனித்தார். ஒன்று, இரண்டாம் முறை டெங்கு வந்தவர்கள். மற்றது, முதல் முறையே வந்த, ஒரு வயது நிரம்பாத குழந்தைகள். இரண்டாவது கூட்டம் புதிராகத் தெரியும். அவற்றின் உடம்பில் இருந்தது தாயிடம் இருந்து வந்த, கரைந்துகொண்டிருக்கும் பிறபொருளெதிரி. சின்னமுத்தில் காத்த அதே இரவல், அளவு இறங்கிய நேரத்தில் டெங்குவுக்கு உதவி செய்துவிட்டது.

கியூபாவில் இது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. 1977இல் அங்கே முதலாம் வகை பரவியது, பெரிய சேதம் இல்லை. 1981இல் இரண்டாம் வகை வந்தது. மூன்றரை இலட்சம் அளவில் நோயாளர், 158 சாவு. 1997இல் சந்தியாகோ நகரில் மறுபடியும் இரண்டாம் வகை வந்தபோது கடுமையாக விழுந்தவர்கள் ஏறத்தாழ எல்லோருமே வளர்ந்தவர்கள், இருபது வருடத்துக்கு முந்திய டெங்குவைக் கண்டவர்கள். இலங்கையிலும் 2009க்குப் பிறகு முதலாம் வகைதான் ஓங்கியிருந்தது. 2016 நடுப்பகுதியில் இரண்டாம் வகை தலையெடுத்தது. அடுத்த வருடம் 186,000க்கு மேற்பட்ட நோயாளர், 400க்கு மேற்பட்ட உயிரிழப்பு. அந்த 2017 பங்குனியில் கிண்ணியா பட்ட பாட்டை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

இரண்டாம் தடவை வருகிற எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை, பெரும்பாலானோர் சாதாரணமாக எழும்பிவிடுகிறார்கள். பழைய பிறபொருளெதிரி நிறைய இருந்தால் காக்கும், இல்லவே இல்லை என்றாலும் உதவிக்கு வராது. இடைப்பட்ட ஒரு அளவில்தான் வில்லங்கம். டி குழியங்களின் பங்கும் நல்லதாகவே தெரிகிறது. கொழும்பில் இரத்த தானம் செய்தவர்களின் குருதியை வைத்து 2013இல் வெளியான ஆய்வொன்றில், டெங்குவுக்கு எதிரான டி குழியத் துலங்கல் வலுவாக இருப்பது கடும் நோயில் இருந்து காக்கிற பக்கமே நிற்கிறது என்று கண்டார்கள்.

தடுப்பூசிக்காரர்கள் பட்ட அடி இதைவிடப் பாடம். 2016இல் பிலிப்பைன்சில் டெங்வாக்ஸியா என்ற ஊசியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கி, 8 இலட்சத்துக்கு மேல் போட்டுவிட்டார்கள். 2017 கார்த்திகையில் அதைத் தயாரித்த சனோபி நிறுவனமே ஓர் அறிவித்தல் விட்டது: முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு இந்த ஊசி போட்டால், பின்னர் உண்மையான டெங்கு வரும்போது அது கடுமையாகலாம். ஊசியே முதல் டெங்குவின் இடத்தைப் பிடித்துவிட்டது. முன்பு வந்தவர்களுக்கோ அதே ஊசி காவல். பெற்றோருக்கு எல்லா ஊசியிலும் நம்பிக்கை போய், 2019இல் அங்கே சின்னமுத்து பெருவாரியாகக் கிளம்பியது. ஒரு வைரசில் நடந்ததை எல்லா வைரசுக்கும் பொருத்திப் பேசினால் வருகிற வினை இதுதான். டெங்குவுக்கு ஊசி செய்வது கஷ்டம் என்பதை வைத்து எம்.எம்.ஆரைத் தள்ளுவது, சின்னமுத்து திரும்ப வராது என்பதை வைத்து டெங்குவில் அசட்டையாக இருப்பதற்குச் சமம்.

உம்மாவிடம் நான் விரிவாகச் சொன்னது வேறு விஷயம். டெங்குவில் பயப்பட வேண்டியது காய்ச்சல் காய்கிற நாள் இல்லை, விடுகிற நாள். அநேகமாக நாலாம் நாளில் இருந்து ஆறாம் நாளுக்குள். அப்போது இரத்தத்தில் வைரஸ் குறைந்துகொண்டிருக்கும், நான் படலத்தில் பார்க்கிற அந்தப் பருத்த நீலக் குழியங்கள் பெருகியிருக்கும், அவை கொட்டும் இரசாயனங்களும் உச்சத்தில் இருக்கும். கடுமையாகும் ஆட்களில் இரத்தக் குழாய்ச் சுவர் இளகி, நீர்ப்பகுதி வெளியே கசிவது அந்த நேரத்தில்தான். உடம்பு குளிர்ந்துவிட்டது, பிள்ளை சுகம் என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற நாளும் அதுதான். அதனால் பிளேட்லெட் ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அதே ரிப்போட்டில் பி.சி.வி. என்று ஒன்று இருக்கும், இரத்தத்தில் செங்குழியங்களின் பங்கு அது. நீர் கசிந்தால் இரத்தம் தடித்து அது ஏறும். வயிற்று நோ, விடாத சத்தி, சலம் குறைவது, கை கால் சில்லிடுவது, இவற்றில் ஒன்று கண்டாலும் நேரே ஆஸ்பத்திரி. நோவுக்குப் பனடோல் மட்டும், அதுவும் அளவாக. புரூஃபன், அஸ்பிரின் தொடவே கூடாது. இளநீர், கஞ்சி, ஜீவனி கொடுக்கலாம். சிவப்பு, கபில நிறத்தில் எதுவும் வேண்டாம்; சத்தி எடுத்தால் இரத்தமா சர்பத்தா என்று டொக்டர் தடுமாறுவார். பப்பாசி இலைச் சாற்றைப் பற்றி உம்மா கேட்டார். கசிவை அது நிறுத்தாது என்று மட்டும் சொன்னேன்.

பிறகு ஒரு துண்டில் தேதி போட்டு, டெங்கு உறுதி, இரண்டாம் தடவை என்று எழுதிக் கொடுத்தேன். முதல் தடவை எந்த வகை, இது எந்த வகை என்று எங்கள் லாப்பில் சொல்ல முடியாது, அதற்குப் பி.சி.ஆர். வேண்டும், அதுவும் வைரஸ் இரத்தத்தில் இருக்கிற முதல் சில நாளுக்குள். இன்னும் இரண்டு வகை மிச்சம் இருக்கின்றன என்பதால் அந்தத் துண்டைக் கிளினிக் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்த தை மாதமோ எப்போதோ பெடியனுக்குக் காய்ச்சல் என்றால், ஓபிடியில் டொக்டரிடம் முதலில் நீட்ட வேண்டியது அதைத்தான்.